அல்சூர் கால்பந்து பற்றி எழுதும் மாணவர்களுக்கு உதவுங்கள்

வணக்கம். பெங்களூரு அல்சூரில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி மலரின் கலை, பண்பாடு, விளையாட்டுப் பகுதியை இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே எழுதுகிறார்கள். கரகம், கோலம் பற்றிய கட்டுரைகள் வந்துவிட்டன. கால்பந்துக் கட்டுரைதான் பாதியில் நிற்கிறது.

அல்சூரின் கௌதமபுரத்தில் பிரேசில் கால்பந்து வீரர் பீலேவுக்கு ஏன் சிலை என்று ஒரு மாணவி கேட்டதில் தொடங்கியது இது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் அருமைநாயகம் நம் பெங்களூருக்காரர் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆடியவர்கள் வாயால் கேட்டே எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். ஒரு மாணவன் தாத்தாவின் குழுப்படத்தைக் கொண்டுவந்தான். ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது; நான்கு பேர் வெறுங்காலோடு நிற்கிறார்கள். பின்புறம் ஒரு பெயர்கூட இல்லை.

உங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஆடிய பெரியவர்கள் இருக்கிறார்களா? ஒரு சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் பிள்ளைகளோடு பேசினால் போதும். பழைய படங்கள், போட்டி நோட்டீஸ்கள் இருந்தால் வீட்டுக்கே வந்து நகல் எடுத்துக்கொள்கிறோம். பெண்கள் ஆடியது யாருக்காவது நினைவிருந்தால் அவசியம் சொல்லுங்கள். மாணவிகள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். மாதக் கடைசியில் மலர் அச்சுக்குப் போகிறது.