எஃகு ஊர் யங்ஸ்டவுன்: அங்கே பழகியவர்களின் அனுபவப் பகிர்வு

மருத்துவர், யங்ஸ்டவுன்

ஒஹாயோ மாநிலத்து யங்ஸ்டவுனுக்கு நான் வேலைக்கு வந்தபோது இந்த ஊரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவர் யாருமில்லை. மூடிய ஆலைகள், பாழடைந்த வீடுகள், அந்தக் காலத்து மாஃபியா கும்பல்களின் கார் குண்டுகள் என்றுதான் பேச்சு. ஆண்டுக்கணக்காக இங்கே நோயாளிகளைப் பார்த்த பிறகு இந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்திருக்கிறது. அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இங்கே பழகிய மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.

காத்திருப்பு அறையில் அடிக்கடி நடக்கும் ஒன்று. எண்பதை நெருங்கிய இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முன்பின் அறிமுகம் கிடையாது. ஆலைச் சத்தத்தில் வேலை பார்த்து இருவருக்கும் காது மந்தம். ஒருவர் செவிக் கருவியைச் சரிசெய்வதை மற்றவர் கவனிப்பார். "எந்த ஆலை?" என்று கேட்பார். "கேம்பல்." "எந்தப் பிரிவு?" அதன்பின் எந்த வாசல், எந்த ஷிப்ட், ஃபோர்மேன் யார் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வரும். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் பொதுவான ஒரு ஃபோர்மேன் அகப்பட்டுவிடுவார். பெயரைக் கேட்டுக்கொள்வது கடைசியில்தான், சில நாள் அதுவும் இல்லை. நர்ஸ் வந்து அழைத்தால் எழுந்துவர மனம் வராது. அந்த நேரத்தில் நானும் அவசரப்படுத்துவதில்லை.

ஒரு பெரியவர் மூச்சிரைப்புக்காக என்னிடம் வருவார். பள்ளி முடித்த கோடையிலேயே யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனத்தின் கேம்பல் ஆலையில் சேர்ந்தவர். அப்பாவும் தாத்தாவும் அங்கேயே வேலை பார்த்தவர்கள். மஹோனிங் ஆற்றங்கரையில் மைல்கணக்காக வரிசையாய் ஆலைகள் நின்ற காலத்தை அவர் சொல்லக் கேட்க வேண்டும். ஆலைகள் விட்ட வெந்நீரால் அந்த ஆறு பனிக்காலத்தில்கூட உறையாதாம். இரவில் வானம் சிவந்து கிடக்கும், தெருவிளக்கு இல்லாமலே சந்துகளில் நடக்கலாம் என்பார். நள்ளிரவு ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்காக மதுக்கடைகள் விடியற்காலையிலேயே திறந்திருக்கும். கொடியில் காயும் படுக்கை விரிப்புகளில் செம்புழுதி படிந்துவிடும். அம்மா முணுமுணுத்தபடியே மறுபடி துவைப்பார். புழுதி வராத வாரம் வந்தால் துவைப்பதை விட்டுவிட்டுக் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார், ஆலையில் வேலை குறைந்துவிட்டதோ என்று.

1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. கேம்பல் ஆலையின் பெரும்பகுதியை மூடப்போவதாக நிறுவனம் அன்று அறிவித்தது. ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போயிற்று. ஊரில் அந்த நாளுக்குக் கறுப்புத் திங்கள் என்றே பெயர். என் நோயாளி அன்று காலை ஷிப்டில் இருந்திருக்கிறார். யாரும் நம்பவில்லையாம். "மழை பெய்தால் குடை பிடித்து நின்றோம், வேலைநிறுத்தம் வந்தால் மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தார், எல்லாவற்றுக்கும் வழக்கம் என்று ஒன்று இருந்தது. இதற்கு வழக்கம் எதுவும் இல்லை" என்றார். நன்றாகப் பேசத் தெரிந்த மனிதர். அவருடைய தம்பி ஹூஸ்டனுக்குப் போய்விட்டார், மைத்துனர் கூடப் போனார். இவர் மட்டும் தாயைப் பார்த்துக்கொள்ள இங்கேயே தங்கினார். கிடைத்த வேலைகளையெல்லாம் செய்தார். பாதிச் சம்பளம்கூடத் தேறவில்லை.

1930இல் இங்கே 1,70,002 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 60,068. என் மருத்துவமனைக்கு வரும் வழியில் தெருவுக்குத் தெரு வெறும் புல்தரை. ஒவ்வொரு புல்தரையும் ஒரு வீட்டு மனை. 2005இல் நகராட்சி வெளியிட்ட திட்டத்தில், இது இனிச் சிறிய ஊர்தான், அதற்கேற்ப வாழ்வோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வளர்ச்சி வளர்ச்சி என்று எல்லா ஊரும் கூவும்போது இப்படி உண்மையை எழுதி வைத்த தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இல்லத்தரசி, பின்னர் பள்ளி உதவியாளர், போர்ட்மேன்

டாக்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் ஒரு கல்யாணம் நினைவுக்கு வந்தது. பள்ளியில் கூட வேலை பார்ப்பவரின் மகளுக்குத் திருமணம். இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் குக்கீ மேஜை கட்டாயம். கேக் ஒரு மூலையில் இருக்கும், யாரும் சீந்த மாட்டார்கள். மண்டபத்தின் ஒரு சுவர் நீளத்துக்கு மேஜை போட்டு, சொந்தக்காரப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சுட்டுக் கொண்டுவந்த குக்கீகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருப்பார்கள். அத்தைமார்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே சுட்டு உறையவைத்துச் சேர்ப்பார்கள். இத்தாலியக் குடும்பத்தார் அச்சில் வார்த்த பிட்ஸெல், ஸ்லோவாக்கியர் அக்ரூட் வைத்துச் சுருட்டிய கொலாச்சி, பீச் பழம் போலவே நிறம் ஏற்றிய குக்கீ, கிரீம் நிரப்பிய சுருள் எல்லாம் உண்டு. கஷ்டகாலத்தில் கேக் வாங்கக் காசில்லாதவர்கள் தொடங்கிய வழக்கம் என்று இங்கே சொல்கிறார்கள். பிட்ஸ்பர்க்காரர்கள் தங்களுடையது என்பார்கள். அந்தப் பேச்சை யங்ஸ்டவுனில் எடுக்கவே கூடாது.

என்னையும் ஏதாவது சுட்டு வரச் சொன்னார்கள். நெய் பிஸ்கட் கொண்டுபோனேன். மணப்பெண்ணின் பாட்டி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் கணவர் பிரையர் ஹில் ஆலையில் இருந்தவர், 1979இல் அதையும் மூடிவிட்டார்கள். கணவர் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்த மறு மாதமே பாட்டி மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். "அவர் தினமும் அதே நேரத்துக்கு எழுந்து, சவரம் செய்து, மேஜையில் உட்காருவார். நான் வேலைக்குக் கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்." ஓராண்டு அப்படியே போயிற்றாம். பிறகு அவரே மாவு பிசையக் கற்றுக்கொண்டார். அந்த மேஜையில் இருந்த கொலாச்சி அவர் கைமுறைதான் என்று சொல்லி ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அன்றைக்கு மண்டபத்தில் இருந்த இளைஞர்களில் பெரும்பாலோர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். கொலம்பஸ், ஷார்லட், டெக்சாஸ். பாட்டியின் பேரப்பிள்ளைகளில் ஒருவர்கூட யங்ஸ்டவுனில் இல்லை.

கணக்காளர், கிளீவ்லாந்து

இருவரும் எழுதியது நெஞ்சைத் தொட்டது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பதிய வேண்டும் என்று நினைக்கிறேன். என்னோடு வேலை செய்யும் கறுப்பினப் பெண்மணி யங்ஸ்டவுனின் தெற்குப் பகுதியில் வளர்ந்தவர். அவர் தந்தை கோக் அடுப்பில் வேலை செய்தார். நிலக்கரியைச் சுட்டு கோக் ஆக்கும் அந்த அடுப்பின் மேல்தளத்தில் நிற்பவர்களுக்கு மரத்தாலான செருப்படி தேவைப்படும், அவ்வளவு சூடு. கறுப்பினத்தவரை அங்கேதான் போடுவார்கள். பணிமூப்பு பிரிவுக்குள்ளேயே கணக்கிடப்பட்டதால், நல்ல பிரிவுக்கு மாறினால் கடைநிலையிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் மாறவே முடியாது. 1974இல் ஒன்பது எஃகு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் அரசோடு நீதிமன்றத்தில் செய்துகொண்ட ஒப்பந்தத்தால்தான் ஆலை முழுவதற்கும் பணிமூப்பு செல்லும் என்று ஆயிற்று. அவர் தந்தை அதன்பிறகே வேறு பிரிவுக்குப் போனார்.

1974க்கும் 1977க்கும் நடுவே எத்தனை காலம் என்று பாருங்கள். கதவு திறந்த மூன்றாம் ஆண்டில் கட்டடமே போய்விட்டது. "பழைய நல்ல நாட்கள் என்று எல்லோரும் சொல்லும்போது என் அப்பா பேசாமல் இருப்பார். ஆனால் ஆலை மூடியதற்கு அவரைப்போல் அழுதவரும் இல்லை" என்றார் அவர். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்திருக்கின்றன.

உலோகவியல் பொறியாளர், பிட்ஸ்பர்க்

வேலை விஷயமாக யங்ஸ்டவுன் போனபோது அங்குள்ள தொழில், தொழிலாளர் வரலாற்று மையத்துக்குப் போனேன். மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்த கட்டடம், ஊரில் எஃகு அருங்காட்சியகம் என்பார்கள். ஆலைத் தொழிலாளர்கள் உடைமாற்றும் அறை, இரும்புக் கருவிகள், பெரிய பெரிய புகைப்படங்கள் என நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். அங்கே தன் பேரனுக்கு விளக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நான் உலோகவியல் படித்தவன் என்று தெரிந்ததும் நேராகக் கேட்டார்: "நீங்கள் படித்தவர். சொல்லுங்கள், காப்பாற்றியிருக்க முடியுமா?"

இந்தக் கேள்வியை அவர் பலரிடம் கேட்டிருப்பார் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேம்பலில் இருந்தவை திறந்த அடுப்பு உலைகள். ஒரு கொதி எஃகு எடுக்க எட்டு மணி நேரம் போலப் பிடிக்கும். ஆக்சிஜன் ஊதும் புது உலையில் அதே வேலை முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். ஜப்பானும் ஜெர்மனியும் போருக்குப் பின் புதிதாகக் கட்டியவை அப்படிப்பட்டவை. யங்ஸ்டவுனுக்குக் கப்பல் வழி கிடையாது, தாது ஏரித் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வர வேண்டும். எனவே ஷீட் அண்ட் டியூப் புதிய உலைகளை மிச்சிகன் ஏரிக் கரையில், இந்தியானா ஹார்பரில் கட்டியது.

எல்லாவற்றையும் கேட்டார். "சரி. அந்த இந்தியானா உலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நாங்கள் இங்கே ஈட்டிக் கொடுத்தது" என்றார்.

அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது சரி. 1969இல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்ற கப்பல் நிறுவனம் ஷீட் அண்ட் டியூபை வாங்கியது. எஃகு பற்றி ஒன்றும் தெரியாதவர்கள். வாங்கிய கடனை எஃகு ஆலையின் வருமானம் சுமந்தது. ஆலையைப் புதுப்பிக்கும் பணம் அப்படித்தான் கரைந்தது. உலை கிழடானது இயற்கை என்று பாடப்புத்தகத்தில் எழுதலாம். கிழடாகவிட்டது மனிதர்கள் எடுத்த முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

ஊர் சும்மா இருக்கவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு பஸ்களில் வாஷிங்டன் போனார்கள். தேவாலயங்கள் ஒன்றுகூடி, ஊராரே ஆலையை வாங்கி நடத்தலாம் என்று வங்கிகளில் சேமிப்புக் கணக்குத் தொடங்கச் செய்தன. 1979இல் அதிபர் கார்ட்டரின் அரசு கடன் உத்தரவாதம் தர மறுத்ததோடு அது முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் யு.எஸ். ஸ்டீல் தன் யங்ஸ்டவுன் ஆலைகளையும் மூடுவதாக அறிவித்தது. 1980 ஜனவரியில் தொழிலாளர்கள் அந்த நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகத்துக்குள் புகுந்து உட்கார்ந்தார்கள். அந்த முதியவர் உள்ளே போனவர்களில் ஒருவர். அதைச் சொல்லும்போது பேரனின் தோளில் கை வைத்துக்கொண்டார். பையன் இந்தக் கதையை இதற்குமுன் கேட்டதில்லை என்று அவன் முகமே சொன்னது.

வழக்கும் போட்டார்கள். ஆலை லாபம் காட்டினால் மூடமாட்டோம் என்று மேலாளர்கள் சொன்னதை நம்பி உழைத்தோம் என்பது ஒரு வாதம். இத்தனை தலைமுறை ஒன்றாக வாழ்ந்த பிறகு ஆலையில் ஊருக்கும் ஒரு சொத்துரிமை உண்டு என்பது இன்னொன்று. நீதிபதி தாமஸ் லாம்ப்ரோஸ் விசாரணைக்கு முன்பே இப்படி ஓர் உரிமை இருக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். ஆனால் தீர்ப்பெழுதும்போது சட்டத்தில் அப்படி ஓர் உரிமை இல்லை என்றே எழுத நேர்ந்தது. மேல்முறையீட்டிலும் சொத்துரிமை வாதம் நிற்கவில்லை. 1982இல் யு.எஸ். ஸ்டீலின் ஒஹாயோ ஆலையில் இருந்த ஊது உலைகளை வெடி வைத்துச் சாய்த்தார்கள். "அந்த நீதிபதி ஒருமுறை உரக்கச் சொன்னாரே, அது போதும் என்று என் மனைவி சொல்வாள். எனக்குப் போதவில்லை" என்றார் முதியவர்.

டாக்டர் ஐயாவின் காத்திருப்பு அறையில் அந்த இரண்டு பேர் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்வதை வெறும் பழங்கால ஏக்கம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தங்களுக்குச் சேர வேண்டிய ஒன்றின் கணக்கை அவர்கள் இன்னும் மூடவில்லை.

கல்லூரி முடித்தவன், முன்பு கேன்ஃபீல்டு, இப்போது கொலம்பஸ்

பெரியவர்கள் எல்லோரும் 1977 பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது 2019. என் அப்பா அம்மா வேலைக்காக இங்கே வந்தவர்கள், நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். எஃகு போன பிறகு இந்தப் பக்கத்தைத் தாங்கியது லார்ட்ஸ்டவுனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை. 1966இல் தொடங்கியது. என் வகுப்பில் பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் அங்கே இருந்தார்கள். 2019 மார்ச்சில் கடைசிக் காரைச் செய்து முடித்து மூடினார்கள். வெள்ளை நிற செவர்லே க்ரூஸ். அதே ஆண்டு ஆகஸ்டில், 150 ஆண்டு நடந்த எங்கள் விண்டிகேட்டர் நாளிதழும் நின்றது. கறுப்புத் திங்களை அச்சிட்ட நாளிதழ் அது.

என் நெருங்கிய நண்பனின் அப்பாவுக்கு இரண்டே வழி. டென்னசியில் இருக்கும் தொழிற்சாலைக்கு மாறுவது, அல்லது பென்ஷன் முழுதாகச் சேருவதற்குள் விலகுவது. அவருடைய அப்பா ஷீட் அண்ட் டியூபில் இருந்தவர், 1977இல் ஊரைவிட்டுப் போக மாட்டேன் என்று நின்று எல்லாவற்றையும் இழந்தவர். அதை நினைத்தே இவர் போகச் சம்மதித்தார். வீட்டை விற்கவில்லை. விற்றால் வாங்குவோர் கொடுக்கும் விலை அப்படி. அங்கே இன்னும் இரண்டு யங்ஸ்டவுன்காரர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கினார். விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் இரவெல்லாம் வண்டி ஓட்டி வருவார். என் நண்பனின் பட்டமளிப்பு நாளன்று ஷிப்ட் முடித்து நேராக வந்தவர், மறுநாள் மதியமே திரும்பிவிட்டார். அவருக்குப் பணி முடிய இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. முடிந்ததும் திரும்பி வருவேன், அதற்காகத்தான் கூரையைப் போன கோடையில் மாற்றினேன் என்கிறார்.