ஏற்காட்டில் குட்டி ஹோஸ்டா வருஷா வருஷம் சிறுத்துக்கிட்டே போகுது. நிழல் பத்தலையா?

காப்பிநிழல்: வணக்கம். ஏற்காட்டுல வீட்டுக்குப் பின்னாடி சில்வர் ஓக் நிழல்ல ரெண்டு ஹோஸ்டா (இலை அழகுக்காக வளர்க்கற செடி) வெச்சிருக்கேன். ஒரு சாண் உயரம்கூட வராத ரகம், பச்சை இலைக்கு வெள்ளைக் கரை. கூரியர்ல வந்தப்ப எட்டு இலை. அடுத்த வருஷம் அஞ்சு. இப்ப மூணே மூணு, ஸ்பூன் அளவுக்கு. கரை வேற கருகுது. மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு எல்லாம் போட்டாச்சு.

மாடித்தொட்டி: வெள்ளைக் கரையில பச்சையம் இல்ல, வெயில் பட்டா முதல்ல அங்கதான் தீயும். நிழல் மரத்தைக் கவாத்து பண்ணாங்களா?

காப்பிநிழல்: ஆமாங்க, சித்திரையில கிளை கழிச்சாங்க. கருகினது அதுக்கப்புறம்தான். ஆனா சிறுக்க ஆரம்பிச்சது போன வருஷமே.

பழையகிழங்கு: அப்ப ரெண்டும் வேற வேற வியாதி அக்கா. கருகலுக்கு இடம் மாத்துனா போதும், காலை வெயில் லேசாப் படலாம், மத்தியான வெயில் கூடாது. சிறுக்கறதுக்குக் காரணம் தூக்கம் இல்லாதது. ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துச் செடி இது. குளிர்காலத்துல இலையெல்லாம் உதிர்த்துட்டு மண்ணுக்குள்ள தூங்கணும். சுமார் 5 டிகிரி குளிர்ல 600, 700 மணி நேரமாவது கிடந்தாத்தான் அடுத்த முளை பலமா வரும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்துலதான் இருக்கு, ஆனாலும் மார்கழி விடியக்காலை நாம நடுங்கறதோட சரி. பத்து மணிக்கு வெயில் வந்துடுதே! தூங்காத செடி வேர்க்கட்டையில சேர்த்து வெச்சதைத் தின்னே கரையுது. உரம் போட்டா இது தீராது.

கார்த்திகையில தொட்டிக்கு மாத்தி, மழை படாம தாழ்வாரத்துல வெச்சுத் தண்ணியைக் குறைங்க. இலை பழுத்ததும் வேர்க்கட்டையை எடுத்து, லேசா ஈரமான தென்னை நார்க்கழிவுல பொதிஞ்சு, ஓட்டை போட்ட கவர்ல ஃபிரிட்ஜ் காய்கறி டிராயர்ல வைங்க. 30 நாள்னா 720 மணி. நான் 45 நாள் விடுவேன். ஃப்ரீசர்ல வேண்டவே வேண்டாம், ஆப்பிள் பக்கத்துலயும் வேண்டாம்.

மாடித்தொட்டி: இலை நரம்போரம் மை ஊறின மாதிரி கறை இருக்கான்னும் பாத்துக்கங்க. ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்ங்கற நோயா இருந்தா மருந்தே கிடையாது, பிடுங்கிப் போடணும். வெட்டுற கத்தி மூலமாவே அடுத்த செடிக்குப் போயிடும்.

பச்சைக்கை: எதுக்குங்கக்கா இந்த மல்லுக்கட்டு? கலாடியம்னு வண்ண இலைச் செடி இருக்கே, அதை வைங்க, அதுவா வளரும்.

காப்பிநிழல்: கறை எதுவும் இல்ல. கலாடியம் ஏற்கெனவே வாசல் முழுக்க இருக்கு தம்பி! ஃபிரிட்ஜ்தான் சிக்கல். எங்க மாமியார் கீரைக்கே இடம் பத்தலைன்னு சொல்லிட்டிருக்காங்க. கேட்டுப் பாக்கறேன்.

பழையகிழங்கு: கவர் மேல மறக்காம பேர் எழுதி வைங்க. எங்க வீட்டுல இஞ்சின்னு நெனச்சு ஒண்ணைத் தோல் சீவிட்டாங்க.