'மொக்கை' என்றால் எப்போது ஏச்சு, எப்போது பகிடி?

கேள்வி: வடமராட்சி

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரன், வேலைக்காகச் சென்னைக்கு வந்திருக்கிறேன். இந்தியப் படங்கள் பார்த்து வளர்ந்ததால் 'மொக்கை' என்ற சொல் காதுக்குப் பழக்கம்தான். ஆனால் படத்தில் கேட்பது வேறு, பக்கத்து மேசையில் இருப்பவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு.

எங்கள் பக்கத்தில் 'மொக்கு' என்றால் மூளை மழுங்கிய ஆள். 'மொக்குத்தனமாக் கதைக்காதை' என்று ஒருவர் சொன்னால் அது நேரே மண்டையைப் பற்றிய பேச்சு. அதனால் 'மொக்கை' காதில் விழும்போதெல்லாம் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது.

அலுவலகத்தில் ஒரே கிழமைக்குள் கேட்டவற்றைச் சொல்கிறேன். பழம் வெட்டப் போனேன், "அந்தக் கத்தி மொக்கை, வேற எடுங்க" என்றார்கள். அது விளங்கியது. வெள்ளிக்கிழமை ஒரு அக்கா, "வேலை முடிஞ்சா வாங்க, கொஞ்ச நேரம் மொக்கை போடலாம்" என்று அன்பாகக் கூப்பிட்டார். ஒரு தம்பி, "லீவு கேக்கப் போய் செம மொக்கை வாங்கிட்டேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார். பிறகு, ஒரு வேலைக்கு நான் சொன்ன யோசனையைக் கேட்ட எங்கள் குழுத் தலைவர், "ஐடியா நல்லாத்தான் இருக்கு, பேருதான் மொக்கையா இருக்கு" என்றார். அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

இவை எல்லாம் ஒரே சொல்தானா? எதை ஏச்சாக எடுக்க வேண்டும், எதைப் பகிடியாக விட வேண்டும்? நானும் இதைச் சொல்லலாமா, சொன்னால் யாரிடம்?


பதில்: கரும்பலகை

நான் மேல்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் நடுவே இருப்பதால் நாள் முழுக்க இந்தச் சொல் காதில் விழும். கொச்சை என்று சொல்லி இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேர், உங்கள் அலுவலகத்துக் கத்திதான். மழுங்கிய கத்தியால் பழுத்த தக்காளியை நறுக்கிப் பாருங்கள். கத்தி தோலில் இறங்காது, வழுக்கும். இன்னும் அழுத்தினால் தோல் கிழிவதற்கு முன்பே உள்ளே நசுங்கி, சாறும் விதையும் பலகையில் வழியும். வேலை நடக்கிறது, ஆனால் நடக்க வேண்டிய மாதிரி நடக்கவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் சொல்லும் மொக்கை எல்லாவற்றிலும் இந்த 'இறங்கவில்லை' என்கிற எண்ணம் இருக்கிறது. சொன்ன நகைச்சுவை இறங்கவில்லை, எடுத்த படம் இறங்கவில்லை, சொன்ன சாக்கு இறங்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவன் நோட்டைக் காணோம் என்றால் பின்பெஞ்சிலிருந்து "மொக்கை காரணம்டா" என்று குரல் வரும். காரணம் பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. அதில் கூர் இல்லை என்கிறார்கள்.

நீங்கள் குழம்புவதற்குக் காரணம் பின்னால் வரும் வினை. மொக்கையின் அர்த்தத்தில் பாதியை அந்த வினைதான் முடிவு செய்கிறது.

'மொக்கை போடு' என்பது கடலை போடு, பிளேடு போடு, சீன் போடு, ஜால்ரா போடு என்று போகும் குடும்பம். இதற்குள்ளேயே இரண்டு உண்டு. "ரெண்டு மணி நேரம் மொக்கை போட்டாரு" என்றால் கேட்டவர் தவித்திருக்கிறார். "ரெண்டு மணி நேரம் மொக்கை போட்டோம்" என்றால் நால்வர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசி மகிழ்ந்திருக்கிறார்கள். வினைமுற்றைப் பாருங்கள்: 'போட்டாரு' புகார், 'போட்டோம்' சந்தோஷம். உங்களைக் கூப்பிட்ட அக்கா சொன்னது இரண்டாவது. வெட்டிப் பேச்சு என்று அவரே பெயர் வைத்துக் கூப்பிடுவதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. வேலை விஷயம் பேச மாட்டோம், கவலைப்படாமல் வாருங்கள் என்பதுதான் அதன் பொருள்.

'மொக்கை வாங்கு' அடி வாங்கு, திட்டு வாங்கு, பல்பு வாங்கு என்கிற வரிசையில் வரும். தமிழில் அவமானம் என்பது கைநீட்டி வாங்கிக்கொள்கிற பொருள். பல்புக்கும் மொக்கைக்கும் சின்ன வித்தியாசம் உண்டு. தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லி, அது தப்பு என்று எல்லார் முன்னாலும் ஆனால் பல்பு. ஆசையாக ஒன்றைக் கேட்டோ சொல்லியோ எதிராளி கண்டுகொள்ளாமல் விட்டால் மொக்கை. லீவு கேட்ட தம்பிக்கு நடந்தது அதுதான். சிரித்துக்கொண்டே வந்தார் என்றீர்களே, பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். தனக்கு நேர்ந்ததைத் தானே சொல்லிக் கரைத்துவிடும் வழி அது. இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து சொன்னால் 'மொக்கை குடுத்தான்', 'மொக்கை பண்ணிட்டான்'. 'மொக்கையாப் போச்சு' என்றால் ஆள் யாரும் இல்லை, எதிர்பார்த்தது புஸ்ஸென்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம், தனிப் பெயர்ச்சொல்லாக ஒரு மொக்கை இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. "சார், ஒரு மொக்கை சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். மாதிரிக்கு ஒன்று: ஹாலில் இத்தனை நாற்காலி போட்டும் ஏன் யாருமே உட்காரவில்லை? பெயரிலேயே 'காலி' என்று எழுதியிருக்கிறதே! வகுப்பே "ஐயோ" என்று கத்தும். அந்தக் கத்தல்தான் கைதட்டல். சொல்லை உடைத்து, சந்தியைப் பிரித்து, ஒலியைப் புரட்டுகிற பயிற்சி அதில் இருக்கிறது. சிலேடையை நடத்தும்போது தூங்குகிற பிள்ளை, மொக்கை சொல்லும்போது சிலேடைதான் செய்கிறான். இதைத் திட்டி அடக்குவது மொழி வகுப்புக்கே எதிரான காரியம் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு இந்தச் சொல் பிடிக்காது. அது ஆளின் மேல் ஒட்டும் இடம். 'மொக்கை பீஸ்' என்றால் நீங்கள் பயப்படுகிற அந்த யாழ்ப்பாணத்து 'மொக்கு'வுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பெண்களின் தோற்றத்தைக் குறித்து இதைச் சொல்வது அதைவிடக் கேவலம். வகுப்பில் அதை மட்டும் நான் விடுவதில்லை.

உங்கள் குழுத் தலைவர் பெயரைத்தான் மொக்கை என்றார், ஐடியா நல்லாத்தான் இருக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெயர் நறுக்கென்று இல்லை, மாற்றிக்கொடுங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் தாராளமாகச் சொல்லலாம். சமவயதுக்காரரிடம், பொருளைப் பற்றி, உங்களைப் பற்றி என்றால் தடையே இல்லை. மேலதிகாரி செய்த வேலையைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொல்ல மட்டும் கொஞ்ச நாள் பழகியிருக்க வேண்டும்.


பதில்: அல்சூர் ஏரி

மேலே எழுதியவரோடு ஒன்றைச் சேர்க்க ஆசை. பேசியே கொல்கிறவர்களுக்குத் தமிழில் வைத்த பெயர்களைப் பாருங்கள்: அறுவை, ரம்பம், பிளேடு, கழுத்தறுப்பு. எல்லாம் வெட்டுகிற சாமான். என் அப்பா இன்றைக்கும் 'சரியான அறுவை' என்றுதான் சொல்வார், நான் 'பிளேடு' சொல்லி வளர்ந்தேன், நடுவில் கடி ஜோக் வந்தது. இவற்றுக்குப் பிறகுதான் மொக்கை இவ்வளவு பரவியது. இத்தனை கூரான ஆயுதங்களுக்குப் பின்னால் கூரே இல்லாத ஒன்று வந்து நின்றுவிட்டது எனக்கு எப்போதும் வியப்பு. யோசித்தால் நியாயம்தான், கூரான பிளேடு சட்டென்று வேலையை முடித்துவிடும், மழுங்கியதுதான் வலிக்கும்.

பெங்களூரில் வளர்ந்ததால் அக்கம்பக்கத்து மொழிகளும் காதில் விழுந்தன. கன்னடத்தில் பேசிக் கொல்வதை 'குய்யோது' என்பார்கள், அதுவும் அறுப்பதுதான். துளைப்பது என்ற பொருளில் 'கொரெத' என்றும் உண்டு. மலையாள நண்பர்கள் கத்தி வைக்கிறான் என்பார்கள். தெலுங்கில் மட்டும் வெட்டு இல்லை, அடி: 'சுத்தி', அதாவது சுத்தியல். அது அங்கே எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால் சுத்தி வேலு, சுத்தி வீரபத்ர ராவ் என்று இரண்டு நகைச்சுவை நடிகர்களுக்கு அது பெயரின் முன்னொட்டாகவே ஆகிவிட்டது. சலிப்பூட்டும் பேச்சு என்றதும் தெற்கே எல்லாருக்கும் பட்டறைச் சாமான்தான் நினைவுக்கு வருகிறது.

2007, 2008 வாக்கில் தமிழ் வலைப்பதிவுகள் படித்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பதிவர்களே தங்கள் பதிவுக்கு 'மொக்கை' என்று குறிச்சொல் போட்டுக்கொள்வார்கள். கருத்து எதுவும் இல்லை, சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். பின்னூட்டங்கள் அங்கேதான் குவியும். வடமராட்சி அவர்களை அந்த அக்கா கூப்பிட்ட மொக்கையும் அதே ஜாதிதான்.


பதில்: முல்லையாறு

தேனிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் சொன்னதில் எங்கள் ஊர் மொக்கையை விட்டுவிட்டீர்கள். எங்கள் பக்கம் பெரியவர்கள் மொக்கை என்றால் பெரிசு, தடிமன். கரும்புக் கட்டில் ஒன்று மட்டும் மணிக்கட்டு மொத்தம் இருந்தால் "எம்புட்டு மொக்கையா இருக்கு பாரு" என்று ஆச்சரியப்படுவார்கள். அது பாராட்டு! மொக்கைச்சாமி என்று பெயர் வைப்பதும் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தப் பெயரோடு வெளியூர்க் கல்லூரிக்குப் போய்ச் சேருகிற பையன் வருகைப்பதிவு எடுக்கும்போது படுகிற பாடு இருக்கிறதே, அதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெயரைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். அவன் கையை அரைகுறையாகத் தூக்குவான். அவனுக்கு வைத்தது தாத்தா பெயர், சாமி பெயர். அந்தச் சிரிப்பில் சேராதீர்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.


பதில்: கரும்பலகை

முல்லையாறு சொன்னது முக்கியமான விஷயம். இரண்டும் வேறு வேறு சொல் மாதிரித் தெரிந்தாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். பென்சிலைச் சீவாமல் எழுதிக்கொண்டே போனால் நுனி மழுங்கும், மழுங்கிய நுனி தடிக்கும், எழுத்தும் தடிமனாக விழும். கூர் போன இடத்தில் பருமன் வந்துவிடுகிறது. ஒரு ஊர் கூர் போனதைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு ஊர் பருமனைப் பிடித்துக்கொண்டது. உங்கள் யாழ்ப்பாணத்து மொக்கு, மூளையின் கூரைப் பார்த்தது.

மாணவர்களிடையே இப்போது 'கிரிஞ்ச்' வந்து மொக்கையின் இடத்தில் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஆனால் அது கேட்பவர் கூசுவதைத்தான் சொல்கிறது. 'வாங்க, கிரிஞ்ச் போடலாம்' என்று யாரும் யாரையும் கூப்பிட முடியாது.


பதில்: வடமராட்சி

எல்லாருக்கும் நன்றி. 'போட்டாரு', 'போட்டோம்' என்ற வித்தியாசம் எனக்கு நன்றாக உதவுகிறது. எங்கள் ஊரில் முதலாவதை 'அலட்டல்' என்போம், இரண்டாவது வெறும் 'கதைச்சுக்கொண்டிருந்தம்'. இரண்டுக்கும் ஒரே சொல்லை இங்கே எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது.

குழுத் தலைவரிடம் வேறு இரண்டு பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முல்லையாறு, எங்கள் அலுவலகத்தில் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரும் 'பெரிசு' என்ற பொருளில் சொல்வாரா? அவர் என் கைப்பையைப் பார்த்து மொக்கை என்று சொன்னதும் இப்போது நினைவுக்கு வருகிறது.


பதில்: முல்லையாறு

வயசைப் பொறுத்தது. ஐம்பதைத் தாண்டியவர் என்றால் பை பெரிசு என்றுதான் சொல்லியிருப்பார். இளவட்டம் என்றால் கேட்டே பார்த்துவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.