லைவ் சாட் உங்கள் வகுப்பை எப்படி மாற்றியது? அனுபவத்தைச் சொல்லுங்கள்

இயற்பியல் ஆசிரியர், கல்லூரி, மதுரை

2020-இல் கல்லூரிகளை மூடி, கூகுள் மீட்டில் பாடம் நடத்தச் சொன்னபோது எங்கள் துறையில் எல்லோருக்கும் வீடியோவைப் பற்றித்தான் கவலை. கேமராவை எங்கே வைப்பது, போர்டு தெரிகிறதா, பேனா டேப்லெட் வாங்கலாமா என்று ஒரே பேச்சு. என் வகுப்பை உண்மையில் மாற்றியது திரையின் ஓரத்தில் கிடந்த சாட் பெட்டி. கிராமத்துப் பிள்ளைகளுக்கு வீடியோ நின்று நின்று வரும், என் குரல் பாதியில் அறுந்துபோகும். ஆனால் டைப் செய்த நாலு எழுத்து எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. அதற்கு முன்பு பல பேருக்கு சாட்தான் வகுப்பே.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம், அதாவது வேகம் மாறும் வீதம், என்ன? இயக்கவியல் நடத்தும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நேரில் கேட்டால் முன்பெஞ்சிலிருந்து ஒரு குரல் "9.8 சார்" என்று வரும், மற்றவர்கள் தலையை ஆட்டுவார்கள், பாடம் நகரும். சாட்டில் கேட்டபோது வந்தது இப்படி: 0. 0. ஜீரோ சார். 0. ஜீரோதானே. 9.8. 0. 0.

திரையில் சரசரவென்று ஏறிக்கொண்டே போன அந்தப் பூஜ்ஜியங்களைப் பார்த்தபோதுதான், தலையாட்டலுக்குள் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தது. வேகம் பூஜ்ஜியம் ஆனால் முடுக்கமும் பூஜ்ஜியம் என்று வகுப்பில் பெரும்பாலானவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் விடையைச் சொல்லவில்லை. "சரி, முடுக்கம் இல்லை என்றால் அந்தப் பந்துக்கு அடுத்து என்ன ஆகும்?" என்று மட்டும் டைப் செய்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரு பையனிடமிருந்து வந்தது: "சார், அங்கேயே தொங்கணும்ல?" அவ்வளவுதான். மீதியை அவர்களே முடித்துவிட்டார்கள். தொங்கவில்லையே, கீழே வருகிறதே, அப்படியென்றால் ஈர்ப்பு விசை அப்போதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுதினார்கள்.

சாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வேகமாக டைப் செய்பவன் பதிலைப் போட்டதும் மற்றவர்கள் அதைப் பார்த்து அப்படியே போடுவார்கள். அதற்கு ஒரு எளிய வழி: "டைப் பண்ணி வையுங்கள், அனுப்பாதீர்கள். நான் சொன்னதும் எல்லோரும் ஒன்றாக அனுப்புங்கள்." அந்த இடைவெளி ரொம்ப முக்கியம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டுவிட்டு, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970-களில் எழுதினார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நேரில் மூன்று நொடி மௌனம் ஆசிரியருக்கு ஒரு யுகம். சாட்டில் அரை நிமிடம்கூடத் தாராளமாகக் காத்திருக்கலாம்.

ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதே கருத்தை வைத்துத்தான் பாடம் நடத்துகிறார். கேள்வியைப் போடுவது, தனியாக யோசித்துப் பதில் சொல்ல வைப்பது, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுவது, மறுபடி பதில் கேட்பது. அந்த வாதாட்டத்தில்தான் பாடம் ஏறுகிறது என்பதை நான் சாட்டில் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் வகுப்பில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி, திருவாரூர் மாவட்டம்

சார், கல்லூரியில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு போன் இருந்திருக்கும். எங்கள் பள்ளியில் வீட்டுக்கே ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். நேரலை வகுப்பெல்லாம் நினைத்தே பார்க்க முடியாது. கல்வித் தொலைக்காட்சியில் பகலில் பாடம் பார்ப்பார்கள். அப்பா வீடு திரும்பிய பிறகு ராத்திரி வாட்ஸ்அப்பில் கேள்வி வரும்.

டைப் செய்யத் தயங்குகிறார்கள் என்று "குரலிலேயே அனுப்புங்க கண்ணுங்களா" என்றேன். அதன் பிறகு வந்தவற்றை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். பின்னால் குக்கர் விசில், தம்பி அழுகை, நடுவில் ஒரு பெண்ணின் குரல்: "டீச்சர், மண்புழுவுக்கு மூக்கே இல்லைன்னா அது எப்படி மூச்சு விடும்?" நான் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி, "மழை பெஞ்சா அது ஏன் டீச்சர் வெளியே வருது?" வயலுக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள், தினம் பார்ப்பதைக் கேட்கிறார்கள். மண்புழு தோலால் சுவாசிக்கிறது, அதனால்தான் தோல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், வெயிலில் காய்ந்தால் செத்துப்போகும் என்று அங்கிருந்து பாடத்தை ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்தில் அது வரும் இடம் வேறு. வரிசையை மாற்றிவிட்டேன், யாருக்கும் நஷ்டமில்லை.

பள்ளி திறந்தபின் போனுக்கு அனுமதி இல்லை. அப்போதுதான் பிளிக்கர்ஸ் அட்டைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு அச்சடித்தேன். க்யூஆர் கோடு மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை, பிள்ளைக்கு ஒன்று. நாலு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்து. எந்த எழுத்து மேலே இருக்கிறதோ அதுதான் பதில். அட்டையைத் தூக்கிப் பிடித்தால் என் போன் கேமரா ஒரு சுற்றில் எல்லாவற்றையும் படித்துவிடும். ஒவ்வொரு அட்டையின் கட்டமும் வேறு என்பதால் பக்கத்தில் எட்டிப் பார்த்தும் காப்பியடிக்க முடியாது. வகுப்புக்கு ஒரே ஒரு போன், அது என்னுடையது. கடைசி பெஞ்சுப் பிள்ளையும் பதில் சொல்லியாக வேண்டும்.

முன்னாள் மாணவர், இப்போது வேலையில்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் மாணவன் எழுதலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. எனக்குத் திக்குவாய். அட்டெண்டன்ஸில் "உள்ளேன்" சொல்வதற்கே என் முறை வருமுன் கை வியர்க்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை எந்த ஆசிரியரிடமும் வகுப்பில் சந்தேகம் கேட்டதே இல்லை. பிளஸ் டூ ஆன்லைனில் நடந்தபோது பொருளியல் வகுப்பில் சாட்டில் கேட்டேன்: "ரிசர்வ் வங்கி நிறைய நோட்டு அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தால் வறுமை போய்விடாதா மிஸ்?" அந்த மிஸ் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லி அன்றைய பீரியட் முழுவதையும் அதற்கே ஒதுக்கினார். பணம் இரண்டு மடங்காகி அரிசி மூட்டை அதே அளவில் இருந்தால் அரிசி விலை என்ன ஆகும் என்று எங்களையே கணக்குப் போட வைத்தார். பணவீக்கத்தை நான் அன்றைக்குப் புரிந்துகொண்டேன்.

கல்லூரி நேரில் திறந்ததும் சாட் போய்விட்டது, நானும் பழையபடி வாயை மூடிக்கொண்டேன். உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள்: நேரடி வகுப்பிலும் எழுதிக் கேட்க ஒரு வழி வைத்திருங்கள். துண்டுச் சீட்டாக இருந்தாலும் போதும்.

தமிழாசிரியை, கோவை

தம்பி, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. இதைப் படித்தபின் நாளையிலிருந்தே என் மேசையில் ஒரு பெட்டி இருக்கும்.

ஆனால் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சாட்டில் பழகியவர்கள் இரண்டு சொல்லில் பதிலை முடித்துவிடுகிறார்கள், அதுவும் ஆங்கில எழுத்தில் தமிழ். நேர்வகுப்புக்குத் திரும்பியபோது ஒரு முழு வாக்கியம் எழுதத் திணறினார்கள். அதனால் என் வகுப்பில் ஒரு விதி வைத்தேன்: பதில் எவ்வளவு சின்னதாகவும் இருக்கலாம், ஆனால் அதில் "ஏனென்றால்" இருக்க வேண்டும். தமிழ் விசைப்பலகை வராதவர்கள் போனில் பேசினால் அதுவே எழுதித் தரும், பிழையைத் திருத்தி அனுப்பினால் போதும் என்றேன். அந்தத் திருத்தத்தில் எழுத்துப் பயிற்சியும் கிடைத்தது.

கணினி அறிவியல் விரிவுரையாளர், சேலம்

ஒரு சின்னத் தகவல். சாட் என்ற விஷயத்தின் வேரே கல்வியில் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதற்காக உருவாக்கிய கணினி அமைப்பு பிளேட்டோ. அதில் 1973-இல் டாக்கோமேட்டிக் என்ற நிரல் வந்தது. ஒரே திரையில் ஐந்து பேர் வரை பேசலாம், நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அந்த நொடியே மற்றவர்களுக்குத் தெரியும்.

எழுத்து எழுத்தாகத் தெரிவதில் ஆசிரியருக்குப் பெரிய லாபம் இருக்கிறது. நான் புரோகிராமிங் வகுப்பில் இப்போதும் கூகுள் டாக்ஸைத் திறந்து வைத்து, ஆளுக்கொரு பகுதியில் எழுதச் சொல்கிறேன். ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் எழுதும்போது ஒரு மாணவி "சிறியது" குறியைப் போடுகிறாள், அழிக்கிறாள், "சிறியது அல்லது சமம்" போடுகிறாள், மறுபடி அழிக்கிறாள். முடிந்த விடைத்தாளில் இந்தத் தடுமாற்றம் தெரியவே தெரியாது. அந்த இடத்தில் போய், "கடைசிச் சுற்றில், சுற்றை எண்ணும் ஐ-யின் மதிப்பு என்னம்மா?" என்று கேட்டால் அவளே சரிசெய்துவிடுகிறாள்.

இயற்பியல் ஆசிரியர், மதுரை

மேடம், உங்கள் "ஏனென்றால்" விதியை இந்த வாரமே எடுத்துக்கொள்கிறேன். வெறும் "0" எனக்குப் பாதித் தகவல்தான். "0, ஏனென்றால் பந்து நின்றுவிட்டது" என்று வந்தால் எங்கே கைவைக்க வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.

திருவாரூர் டீச்சர், அந்த அட்டைகளை எங்கே அச்சடித்தீர்கள்? எத்தனை பேருக்கு வரும்? பெரிய வகுப்பில் பின்வரிசை அட்டையை கேமரா படிக்கிறதா?

அறிவியல் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

பிளிக்கர்ஸ் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது சார். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, அதற்கு மேல் வேண்டுமென்றால் பெரிய தொகுப்பும் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கனமான தாளில் எடுத்தேன். பளபளப்பான லேமினேஷன் மட்டும் போடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னினால் போன் படிக்காது. பின்வரிசைக்கு நாலு எட்டு உள்ளே நடந்து போய்ப் பிடித்தால் எடுத்துக்கொள்கிறது. அட்டையின் நடுவில் விரல் மறைக்காமல் ஓரத்தில் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் கட்டத்தின் மேலேயே விரலை வைப்பார்கள்.