புதுப்பிப்பு: மார்பகத் திசுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருத்தல்

ஊசியால் மார்பகத் திசு எடுத்த பிறகு முடிவு வர ஏன் இத்தனை நாளாகிறது, அதுவரை எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன்; பதில் எழுதிய சகோதரிகளுக்கு நன்றி. முடிவு இன்னும் வரவில்லை, ஆனால் தாமதத்தின் காரணம் விளங்கிவிட்டது. எடுத்த திசு குறைந்தது 6 மணி நேரம் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் ஊறி, மெழுகில் பதிக்கப்பட்டு, சில மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, சாயமேற்றப்பட்ட பின்னரே நோய்க்குறியியல் மருத்துவரின் நுண்ணோக்கிக்கு வருகிறது. ஐயமிருந்தால் கூடுதல் சாயச் சோதனையும் நடக்கும் என்பதால், தாமதம் என்றாலே கெட்ட செய்தி என்று கொள்ள வேண்டியதில்லை.

என் ஸ்கேன் அறிக்கையில் உள்ள பைராட்ஸ் 4ஏ (மார்பக ஸ்கேனில் தெரிவது எவ்வளவு ஐயத்துக்குரியது என்று காட்டும் வகைப்பாடு) என்ற குறிக்குப் புற்றுநோய் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் 10 விழுக்காடு வரை என்று மருத்துவர் விளக்கினார். அந்த எண்ணைப் பகலில் நம்ப முடிகிறது, இரவில் முடிவதில்லை.

மனம் மாறட்டும் என்று உறவினர்கள் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள்; ஏரிக்கரையிலும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது பெரிதாக உதவவில்லை. மாமியார் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார், அதை நான் மறுக்கவில்லை. உண்மையில் உதவியது, முடிவைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், கணவருடன் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவைத்ததுதான். அன்று கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிவருகிறேன். அனுபவமுள்ளவர்கள் சேர்க்க வேண்டியவற்றைச் சொல்லுங்கள்.