பிபிசி (PPC, வாரத் திட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளில் முழுதாக முடிந்தவற்றின் சதவீதம்) 85 வருகிறது, ஆனாலும் வேலை பின்தங்குகிறது. எங்கே தப்பு?

பிளானிங்_பார்ப்பவன்:
வணக்கம். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் பிளானிங் பார்க்கிறேன். நாலு மாதமாக லாஸ்ட் பிளானர் முறைதான், அதாவது வேலையை நடத்துபவர்களே வாரத் திட்டம் போடும் முறை. சனிக்கிழமை போர்மேன்களோடு உட்கார்ந்து அடுத்த வாரம் முடிப்பதாக அவர்களே ஒப்புக்கொள்ளும் வேலைகளை எழுதிக்கொள்கிறோம், வாரம் முடிந்ததும் அதில் எத்தனை முடிந்தது என்று பார்த்து பிபிசி எடுக்கிறேன். போன வாரம் 40க்கு 34. ஆனால் மாஸ்டர் ஷெட்யூலில் (மொத்தக் கட்டடத்துக்கான கால அட்டவணை) மூன்று வாரம் பின்னால் நிற்கிறோம். இந்த எண்ணை நம்புவதா வேண்டாமா?

சைட்_இன்ஜினியர்:
முடியாமல் போன அந்த 6 வேலை எவை? முதலில் அதைச் சொல்லுங்கள். பிபிசிக்கு எல்லா வேலையும் ஒரே எடைதான், தளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்வதும் ஒன்று, ஸ்லாப் கான்கிரீட் போடுவதும் ஒன்று. சொன்னதைச் செய்தோமா என்பதை மட்டும்தான் அது காட்டும், வேலை எவ்வளவு நகர்ந்தது என்பதைக் காட்டாது. இந்த முறையை உருவாக்கிய கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் அளந்தபோது வாரத் திட்டத்தில் சராசரியாக 54 சதவீதம் போலத்தான் முடிந்தது. அதனால் 85 என்றதும் எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வருகிறது.

பிளானிங்_பார்ப்பவன்:
இப்போதுதான் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த 6இல் நாலாவது மாடி ஸ்லாப் இருக்கிறது. கம்பி கட்டி முடித்தாகிவிட்டது, எலெக்ட்ரிக்கல் டிராயிங் வியாழக்கிழமைதான் வந்தது, பைப் போடாமல் கான்கிரீட் எப்படிப் போடுவது? முடிந்த 34இல் 11 வேலை பொருள் இறக்குவது, சுத்தம் செய்வது மாதிரியானவை.

பழைய_போர்மேன்:
தம்பி, டிராயிங் கையில் இல்லாத வேலையை வாரத் திட்டத்தில் ஏற்றியதே தப்பு. அடுத்த ஆறு வார வேலைகளை முன்கூட்டியே பார்க்கும் முன்னோட்டத்திலேயே டிராயிங், பொருள், ஆள், இடம், முந்தைய வேலை எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு, தடை இருந்தால் யார் எந்தத் தேதிக்குள் நீக்குவார் என்று எழுதியிருக்க வேண்டும். இன்னொரு கணக்கும் எடுங்கள்: மூன்று வாரம் முன்பு போட்ட முன்னோட்டத்தில் போன வாரத்துக்கு என்றிருந்த வேலைகளில் எத்தனை தடை நீங்கித் தயாராகி வாரத் திட்டத்துக்குள் வந்தன? பிபிசி நன்றாக இருந்து இது குறைவாக இருந்தால், செய்ய முடிந்ததை மட்டும் பொறுக்கிச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம், ஒரு வேலை 90 சதவீதம் முடிந்தது என்று யார் சொன்னாலும் பிபிசி கணக்கில் அதற்குப் பூஜ்யம்தான் போட வேண்டும், அடுத்த குழு உள்ளே வர முடியாதே. பிபிசியை வைத்து யாரையும் திட்டாதீர்கள், பில்லில் பணம் பிடிக்கவும் செய்யாதீர்கள். நான் போர்மேனாக இருந்த ஒரு சைட்டில் அப்படிப் பிடித்தார்கள், அடுத்த வாரமே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கிற வேலையை மட்டும் ஒப்புக்கொண்டோம்.

பிளானிங்_பார்ப்பவன்:
கணக்கு எடுத்துவிட்டேன் அண்ணா. முன்னோட்டத்தில் 28 இருந்தது, வாரத் திட்டத்துக்கு வந்தது 12. மீதி 16இல் ஒன்பதுக்கு டிராயிங்தான் தடை. இந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்கு டிசைன் ஆட்களையும் கூப்பிட்டிருக்கிறேன்.