முஃதஸிலாக்கள் அறிவை முன்னிறுத்தியவர்கள் என்றால், மிஹ்னா எப்படி நடந்தது?

அகவிழி கேட்டது:

அப்பாஸியர் கால வரலாற்றைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். நான் முஸ்லிம் அல்லன், அரபியும் அறியேன். ஆகவே என் புரிதலின் அடிப்படையிலேயே பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். முஃதஸிலாக்கள் என்னும் இஸ்லாமிய இறையியல் பள்ளியினரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் பலரும் அவர்களை "இஸ்லாத்தின் பகுத்தறிவாளர்கள்" என்றே அறிமுகம் செய்கிறார்கள். ஆனால் அதே முஃதஸிலாக் கொள்கையின் பெயரால்தான் 833-இல் கலீஃபா மஃமூன் மிஹ்னா என்னும் விசாரணையைத் தொடங்கினார் என்றும், குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்ள மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையிடப்பட்டுச் சவுக்கடி பட்டார் என்றும் அடுத்த பக்கத்திலேயே படிக்கிறேன். அறிவைக் கொண்டு மார்க்கத்தை விளங்க வேண்டும் என்றவர்கள், ஒரு மனிதரின் நம்பிக்கையை அடித்து மாற்ற எப்படித் துணிந்தார்கள்? அவர்கள் வீழ்ந்தபோது இஸ்லாமியச் சிந்தனையில் அறிவுக்கு இருந்த இடமும் பறிபோனது என்று சொல்லப்படுவது உண்மைதானா? இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றால் தனித்தனியாகவே விளக்குங்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

ஐயா, சிக்கல் பாதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் "பகுத்தறிவு" என்ற சொல்லுக்குச் சுயமரியாதை இயக்கத்திற்குப் பிறகு கடவுள் மறுப்பின் சாயல் ஏறிவிட்டது. அந்தச் சாயலோடு முஃதஸிலாக்களைப் பார்த்தால், மதத்திலிருந்து விலகத் தொடங்கியவர்கள் போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் இறைவனின் ஒருமையிலும் நீதியிலும் மற்றவர்களைவிடக் கடுமையாக நின்றவர்கள். தங்களைத் தாங்களே "அஹ்லுல் அத்ல் வத்தவ்ஹீத்", அதாவது நீதியையும் ஓரிறைமையையும் பற்றி நிற்போர், என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். "விலகியோர்" என்று பொருள்படும் முஃதஸிலா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பஸ்ரா பள்ளிவாசலில் ஹஸன் அல் பஸரியின் வட்டத்தில் ஒருவர் வந்து, பெரும்பாவம் செய்த முஸ்லிம் இறைநம்பிக்கையாளனா, நிராகரிப்பவனா என்று கேட்டார். ஆசிரியர் வாய் திறப்பதற்குள் மாணவரான வாஸில் இப்னு அதா, "இரண்டும் இல்லை, இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை" என்று சொல்லிவிட்டு வேறொரு தூணருகே போய் உட்கார்ந்தாராம். கதை பல வடிவங்களில் சொல்லப்படுகிறது. சிலவற்றில் வாஸிலின் இடத்தில் அம்ர் இப்னு உபைத் இருக்கிறார்.

அந்தக் கேள்வியை ஏட்டுச் சுரைக்காயாக எண்ணிவிடக் கூடாது. 656-இல் ஜமல் போரிலும் 657-இல் ஸிஃப்பீனிலும் முஸ்லிம்கள் முஸ்லிம்களையே வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே கிப்லாவை (தொழுகைத் திசையை) நோக்கித் தொழுதவர்கள். காரிஜிகள் என்ற குழுவினர் பெரும்பாவியை நிராகரிப்பவன் என்றார்கள். முர்ஜிஆக்கள் என்ற இன்னொரு குழுவினர் அவனையும் நம்பிக்கையாளன் என்றே விட்டார்கள். வாஸிலின் பதில் இந்த இரத்தத்தின் நடுவே பிறந்தது. அதே காலத்தில், அப்பாஸியருக்கு முந்தைய உமைய்யா ஆட்சியின் கொடுமைகளை இறைவன் விதித்தது என்று நியாயப்படுத்தியவர்களும் இருந்தார்கள். மனிதனின் செயல் மனிதனுடையதே என்று பேசிய மஅபத் அல் ஜுஹனியும், பின்னர் கைலான் அத் திமஷ்கியும் அந்த ஆட்சியில் கொல்லப்பட்டார்கள். முஃதஸிலாக்கள் இந்தக் கருத்தை ஏற்று முறைப்படுத்தினார்கள்: செய்யாத செயலுக்கு ஒருவனைத் தண்டிப்பது அநீதி, இறைவன் அநீதி செய்யமாட்டான், ஆகவே மனிதன் தன் செயலைத் தானே செய்கிறான். இங்கே அறிவின் வேலை இறைவனைச் சந்தேகிப்பது அன்று. அவன் நீதியாளன் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது.

குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கருத்தும் இதே வேரிலிருந்து வந்தது. இறைவனைத் தவிர அநாதியானது வேறொன்றும் இல்லை. அவனுடைய சொல் அநாதி என்றால் அநாதியானவை இரண்டாகிவிடும் என்று அஞ்சினார்கள். அபுல் ஹுதைல் அல் அல்லாஃப், இறைவன் அறிகிறான், அந்த அறிவு அவனே என்ற வாய்பாட்டுக்கு வந்தது இதனால்தான். கிரேக்கத் தத்துவ நூல்கள் அரபியில் முழுமையாக மொழிபெயர்க்கப்படும் முன்பே இந்த வாதங்களின் தொடக்கம் நிகழ்ந்துவிட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அறிவைக் குறிக்கும் "அக்ல்" என்ற சொல்லைப் பெயர்ச்சொல்லாகக் குர்ஆன் ஓரிடத்திலும் பயன்படுத்தவில்லை. ஆனால் அதன் வினை வடிவங்கள் 49 இடங்களில் வருகின்றன. "நீங்கள் சிந்தித்து விளங்க மாட்டீர்களா" என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு சமூகத்துக்கு, விளங்கிக்கொள்வது வணக்கத்தின் பகுதியாகத் தோன்றியதில் வியப்பில்லை.

கூடல்வாசி எழுதியது:

மிஹ்னாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை முஃதஸிலாக்கள் கூடி நடத்திய காரியம் என்று கொள்வது பாதி உண்மை. குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கருத்தை மஃமூன் 827-இலேயே அறிவித்துவிட்டார். ஆறு ஆண்டுகள் யாரையும் வற்புறுத்தவில்லை. 833-இல் ரோமர் (பைசாந்தியர்) எல்லைப் போரின்போதுதான் பக்தாதில் தம் ஆளுநராக இருந்த இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதங்கள் எழுதினார். காழிகளையும் (நீதிபதிகளையும்), வழக்குமன்றச் சாட்சிகளையும், ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களையும் அழைத்து விசாரிக்க வேண்டும், ஒப்பாதவரின் சாட்சியம் ஏற்கப்படக் கூடாது என்பது ஆணை. அந்தக் கடிதங்களில் வாதமும் உண்டு: "நாம் இதை அரபிக் குர்ஆனாக ஆக்கினோம்" என்ற வசனத்தைக் (43:3) காட்டி, ஆக்கப்பட்டது எதுவும் படைக்கப்பட்டதே என்கிறார். ஈஸா நபி இறைவனின் வார்த்தை என்பதால் படைக்கப்படவில்லை என்று கிறிஸ்தவர்கள் சொல்வதோடு எதிர்த்தரப்பை ஒப்பிடுகிறார். ஆனால் அவற்றை முழுதாக வாசிப்பவருக்குக் காதில் விழுவது ஆட்சியாளரின் குரல்தான். மார்க்கத்தை வரையறுக்கும் அதிகாரம் கலீஃபாவிடம் இருக்கிறதா, பொதுமக்கள் மதிக்கும் ஹதீஸ் அறிஞர்களிடம் இருக்கிறதா என்பதே அங்கே தீர்க்கப்பட வேண்டியிருந்தது.

அஹ்மத் இப்னு ஹன்பலும் முஹம்மத் இப்னு நூஹும் விலங்கிடப்பட்டு மஃமூனிடம் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேருமுன் மஃமூன் இறந்தார். திரும்பும் வழியில் இப்னு நூஹும் இறந்தார். அஹ்மதைச் சவுக்கால் அடித்தது அடுத்து வந்த முஃதஸிமின் ஆட்சி. அஹ்மத் அறிவை மறுத்துப் பிடிவாதமாக நின்றார் என்று எழுதுவோர், அந்த அவையில் நடந்த உரையாடலைக் கவனிப்பதில்லை. குர்ஆனிலிருந்தோ நபிவழியிலிருந்தோ ஏதாவது கொண்டுவாருங்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. இறைவனின் அறிவைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், அதுவும் படைக்கப்பட்டதா என்று எதிர்க்கேள்வி கேட்டு வாதியை வாயடைக்கச் செய்ததாகவும் அவர் வட்டத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். அது சான்று காட்டும் மனத்தின் கேள்விதான்.

முஃதஸிலாக்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்க நான் இதை எழுதவில்லை. தலைமைக் காழி அஹ்மத் இப்னு அபீ துஆத் அந்தப் பள்ளியைச் சார்ந்தவர். முஃதஸிமும் அடுத்து வந்த வாஸிக்கும் விசாரணையைத் தொடர்ந்ததில் அவர் பங்கு பெரிது. இமாம் ஷாஃபிஈயின் மாணவரான புவைத்தி சிறையிலேயே இறந்தார். 845-இல் ரோமரிடமிருந்து முஸ்லிம் கைதிகளை மீட்கும்போது, குர்ஆன் படைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, ஒப்புக்கொண்டவரையே மீட்டார்கள். இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் என்பது அவர்களின் ஐந்து கொள்கைகளுள் ஒன்று. தம் முடிவு ஐயமற நிறுவப்பட்டது என்று நம்பியவர்கள், அதை மறுப்பவன் சிந்திக்க மறுக்கிறான் என்று முடிவுகட்டினார்கள். ஆட்சி கையில் கிடைத்ததும் அந்த ஐந்தாம் கொள்கை சவுக்காயிற்று. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். 847-இல் முதவக்கில் ஆட்சிக்கு வந்த சில ஆண்டுகளில் மிஹ்னா முடிவுக்கு வந்தது.

அகவிழி எழுதியது:

இருவருக்கும் நன்றி. 845-ஆம் ஆண்டுச் செய்தியை நான் அறிந்திருக்கவில்லை. இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. முஃதஸிலாக்களை மறுத்த இறையியலாளர் அஷ்அரி வந்த பிறகு அறிவின் கதவு மூடப்பட்டது என்று நான் படித்தது சரியா?

ஓதியவன் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தமிழ்நாட்டில் ஓர் அரபு மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதியவன். ஆகவே இதை வெளியிலிருந்து பேச என்னால் இயலாது. எங்களுக்கு அகீதாப் (நம்பிக்கைக் கொள்கைப்) பாடமாக இருந்தது நஸஃபீயின் "அகாயித்" என்ற நூலுக்குத் தஃப்தாஸானீ எழுதிய ஷரஹ் (விரிவுரை). நஸஃபீ மறைந்தது 1142-இல். முஃதஸிலாக்களின் கை தாழ்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த நூல் எதில் தொடங்குகிறது தெரியுமா? பொருள்களின் உண்மைகள் உறுதியானவை, அவற்றை அறிய முடியும், படைப்புகளுக்கு அறிவு வரும் வழிகள் மூன்று: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, அக்ல். இறைவனைப் பற்றிய பேச்சே அதன் பிறகுதான் வருகிறது. பதினாறு வயதில் இதை மனப்பாடமாக ஒப்பித்த எனக்கு, அறிவின் கதவு மூடப்பட்டது என்ற வாசகத்தைக் காணும்போதெல்லாம் உஸ்தாதின் (ஆசிரியரின்) குரல்தான் நினைவுக்கு வருகிறது. உலகத்தை அறியவே முடியாது என்று வாதிட்ட பழைய கூட்டத்தாரை மறுக்க அவர் இரண்டு வாரம் செலவிட்டார்.

பஸ்ராவின் அபுல் ஹஸன் அல் அஷ்அரி (இறப்பு 936) நாற்பது வயதுவரை முஃதஸிலீ; அல் ஜுப்பாயீயின் மாணவர். இருவருக்கும் இடையில் நடந்ததாகச் சொல்லப்படும் மூன்று சகோதரர் விவாதம் எங்கள் பாடநூலின் முன்னுரையிலேயே இருக்கிறது. ஒருவன் நல்லவனாக இறந்தான், ஒருவன் தீயவனாக, ஒருவன் குழந்தையாக. குழந்தை, "என்னை வாழவிட்டிருந்தால் நானும் நன்மை செய்து உயர்ந்த இடம் அடைந்திருப்பேனே" என்று கேட்டால்? "நீ வளர்ந்தால் பாவம் செய்து நரகம் போவாய் என அறிந்தே, உன் நலனுக்காக எடுத்துக்கொண்டேன்" என்று இறைவன் சொல்வான் என்றார் ஆசிரியர். அப்படியானால் தீயவன், "என்னையும் ஏன் சிறுவயதிலேயே எடுத்துக்கொள்ளவில்லை" என்று கேட்பானே என்றார் மாணவர். ஆசிரியர் வாயடைத்துப் போனார். ஒவ்வொருவருக்கும் நலமானதையே செய்வது இறைவன்மீது கடமை என்ற கொள்கையை அஷ்அரி தகர்த்தது அறிவைக் கைவிட்டு அன்று. அறிவையே கடைசிவரை ஓட்டிப் பார்த்துத்தான். கலாமில் (வாத வழி இறையியலில்) ஈடுபடுவது கூடாது என்ற கடும் ஹதீஸ்வாதிகளை மறுத்துத் தனி ஏடும் எழுதினார். அல் கஸ்ஸாலீயும் (1058–1111) தத்துவவாதிகளை மறுத்தவர்தான். ஆனால் உஸூலுல் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகள்) பற்றிய தம் நூலின் தொடக்கத்தில் தர்க்கத்தை வைத்து, அதை அறியாதவரின் அறிவை நம்பமுடியாது என்றார். இன்றும் மதரஸாக்களில் மன்திக் (தர்க்கம்) ஓதப்படுவதற்கு அது ஒரு காரணம்.

பழஞ்சுவடி எழுதியது:

ஓதியவன் எழுதியதை மதிக்கிறேன், பெரும்பாலும் ஒப்புகிறேன். ஆனால் மூன்று சகோதரர் கதையில் ஒரு திருத்தம் வேண்டும். எல்லாவற்றிலும் நலமானதே இறைவன்மீது கடமை என்று விரிவாகச் சொன்னது பக்தாத் கிளை. ஜுப்பாயீ சார்ந்திருந்த பஸ்ரா கிளை அதை மார்க்க விஷயங்களுக்குள் சுருக்கிக்கொண்டது. ஆகவே அந்த அம்பு தைப்பது, எய்யப்பட்டவரைவிடப் பக்கத்தில் நின்றவரைத்தான். பல ஆய்வாளர்கள் கதையைப் பிற்கால அமைப்பாகக் கருதுவதற்கு இதுவும் காரணம்.

மேலும், ஒன்றும் இழக்கப்படவில்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பொய் சொல்வதும் கொடுமை செய்வதும் தீயவை என்பதை வஹீ (இறைச்செய்தி) வருமுன்பே மனிதன் தன் அறிவால் அறிய முடியுமா என்பதுதான் இந்த வரலாற்றின் நடுநாடி. முடியும் என்றார்கள் முஃதஸிலாக்கள். அஷ்அரிகள், இறைவன் ஏவியது நன்மை, விலக்கியது தீமை, அதற்கு முன் கடமை என்று ஒன்றில்லை என்றார்கள். இறைவனை எந்த அளவுகோலுக்கும் உட்படுத்தாத பணிவு அதில் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கொடுங்கோலனைப் பார்த்து, "நீ செய்வது அநீதி என்பதை எந்த மனிதனும் அறிவான்" என்று சொல்ல வேறோர் அடித்தளம் தேவைப்படுகிறது. ஸமர்கந்தின் மாத்துரீதி (இறப்பு 944) இடைவழி ஒன்றைக் காத்தார்: நன்மை தீமைகள் பலவற்றை அறிவால் உணர முடியும், வஹீ எட்டாதவனுக்கும் படைத்தவனை அறிந்துகொள்ளும் பொறுப்பு உண்டு, ஆனால் கடமையை விதிப்பவன் இறைவன். நஸஃபீ அந்த வழிவந்தவர். ஆகவே சகோதரர் மதரஸாவில் கேட்டது அஷ்அரியின் குரலைவிட மாத்துரீதியின் குரலுக்கே நெருக்கமானது.

முஃதஸிலாக்களின் எழுத்துகள் நெடுங்காலம் எதிரிகளின் மேற்கோள்கள் வழியாகவே அதிகம் அறியப்பட்டன. ரய் நகரத்தின் காழி அப்துல் ஜப்பார் (இறப்பு 1025) எழுதிய அல் முக்னீ இருபது தொகுதிகள் கொண்டது. 1950-களின் தொடக்கத்தில் எகிப்திலிருந்து யமனுக்குப் போன ஆய்வுக் குழு அதில் பதினான்கு தொகுதிகளின் கையெழுத்துப் படிகளைக் கொண்டுவந்தது. அவற்றைப் படியெடுத்துப் பல நூற்றாண்டுகள் பாதுகாத்தவர்கள் ஸைதி ஷியாக்கள்; கொள்கையில் அவர்கள் முஃதஸிலாக்களோடு பெரிதும் ஒன்றுபட்டவர்கள். நீதியைப் பற்றிய தொகுதியும் பிழைத்தவற்றில் ஒன்று. அகவிழி ஐயா, அரபி கற்கத் தொடங்கினால் அங்கிருந்தே தொடங்குங்கள்.